கேட்காமலே போட்ட வரிசை

மேல் கீழ் என்று அடுக்கி வைப்பதை ஒழிக்கக் கிளம்பியவர்கள், பாட்டை மட்டும் மோசம், சுமார், உசத்தி என்று அடுக்கலாமா? வாலிகண்டபுரத்தில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து இளையராஜாவின் தனி ஆல்பங்களைக் கடைசியிலிருந்து முதல்வரை வரிசை போட்டபோது ஒரு தோழர் இப்படித்தான் மறித்தார். "சாதி வேணாங்கிறோம். அப்புறம் இதுல மட்டும் என்னா ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்?" சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. பல வருஷமாக நம் கூட்டங்களில் வேறு வேறு உருவத்தில் வருகிற கேள்வி. தலித் எழுத்தைத் தரம் பார்க்கலாமா என்று கேட்கிறார்களே, அதுவும் இதுதான்.

அம்பேத்கர் சாதியை வெறும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லி நிறுத்தவில்லை. படிப்படியாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்றார். மேலே போகப் போக மரியாதை கூடும், கீழே இறங்க இறங்க இழிவு கூடும். ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்க ஒருத்தன் கிடைப்பான், அதனால் ஏணியை உடைக்க யாரும் கை வைக்க மாட்டான். அந்த ஏணிக்கு இரண்டு லட்சணம் உண்டு. ஒன்று, காரணம் கேட்க முடியாது. இரண்டு, இடம் மாற முடியாது. பிறந்தாய், முடிந்தது. உன் வேலையை யாரும் பார்க்கவில்லை, உன் குரலை யாரும் கேட்கவில்லை, ஆனால் உன் இடம் நீ வருவதற்கு முன்னாலேயே எழுதியாகிவிட்டது.

இப்போது எங்கள் பட்டியலைப் பாருங்கள். கடைசி இடம் 'ரமண மாலை'க்கு. பக்திக்காகக் கடைசியில் போடவில்லை. இசை அங்கே சொல்லுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறது என்பதற்காக. அதற்கு மேலே 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குழலும் வயலின் கூட்டமும் பல இடங்களில் ஒன்றை ஒன்று உபசரித்துக்கொண்டே இருக்கின்றன, சண்டை வரவில்லை. அதற்கு மேலே 2005-இல் வந்த 'திருவாசகம்'. சிவனைப் பாடிய மாணிக்கவாசகர், ஒரு கிறித்தவப் பாதிரியார் முன்னின்ற முயற்சி, ஹங்கேரிக்காரர்களின் இசைக்குழு என்று இத்தனை எல்லைகளைத் தாண்டியது. தமிழ் எம்.ஏ.வில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய வரிகளை அதில் கேட்டபோதுதான் அவை அழுகை என்பது எனக்கு உறைத்தது. முதலிடம் 1986-இன் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராசரையும் பாக்கையும் வணங்கிச் செய்த தொகுப்பு அது. ஆனால் வணங்குகிறவன் காலடியில் உட்காரவில்லை, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறான். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அந்தப் பேச்சில் ஒரு இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்டு மேடைகளில் ஆர்மோனியத்தோடு அலைந்த ஒருவர் இதைச் செய்தார். அவரைச் சாதிப் பேரால் உரிமை கொண்டாட எனக்கு விருப்பமில்லை. கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பட்டியலில் சிம்பொனி இல்லை. இதில்தான் விஷயமே இருக்கிறது. 1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிவு செய்தது. அது வெளிவரவே இல்லை. ஆனால் அதன்பின் முப்பது வருஷம் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அவருடைய உச்சம் எது? சிம்பொனி! பத்திரிகைக்காரன் சொன்னான், மேடையில் பேசியவன் சொன்னான், டீக்கடையிலும் சொன்னார்கள். ஒரு சுரம்கூடக் காதில் விழாத ஒன்று முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. ஏன்? பிறந்த இடம் லண்டன். வாசித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவ்வளவுதான் தகுதி. 2025 மார்ச் 8-ஆம் தேதி 'வேலியண்ட்' லண்டனில் அரங்கேறியபோதும் இதேதான். கச்சேரி நடப்பதற்கு முன்னாலேயே மகுடம் தயாராக இருந்தது. அது நல்ல இசையாகவே இருக்கலாம். அன்றைக்கு அந்த அரங்கில் எங்களில் யாரும் இல்லை, அதனால் பட்டியலில் வைக்கவில்லை.

1976-இல் வந்த 'அன்னக்கிளி' நம் தெருக்களில் மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் குழாய் ரேடியோவில் முழங்கியது. அதைக் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதைச் 'சினிமாப் பாட்டு' என்று கீழே வைத்தார்கள். யாரும் கேட்காத ஒன்றை மேலே வைத்தார்கள். இதை ரசனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காதை மூடிக்கொண்டு பிறப்பை மட்டும் விசாரிக்கிற பழக்கம் இசைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் பெரம்பலூரில் படிக்கிற ஒரு பையன், ஹெவி மெட்டல் பைத்தியம். அவன் சொல்லித்தான் பிளாக் சப்பாத் எனக்குத் தெரியும். முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. அப்புறம் அந்த நாலு பேர் யாரென்று தெரிந்தது. பர்மிங்காமில் ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பகுதிப் பிள்ளைகள். கிதார் வாசித்த டோனி அயோமி தகரப் பட்டறையில் வேலை பார்க்கும்போது, பதினேழு வயதில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எந்திரத்துக்குக் கொடுத்தவர். இடதுகைக்காரர், ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அடிவயிற்றில் இடிக்கிற அந்தக் கனம் அப்படி வந்தது. பாடிய ஓசி ஆஸ்போர்ன், 2025 ஜூலையில் இறந்தாரே, அவர் மாட்டுத்தொட்டியில் வேலை பார்த்தவர். இதைச் சொன்னதும் எங்களோடு இருந்த பெரியப்பா ஒருவர், "அப்ப நம்மாளுதான்யா" என்றார்.

அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தபோது அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதைக் குப்பை மாதிரித் தூக்கிப் போட்டது. அதே பத்திரிகை 2017-இல் மெட்டல் இசையின் நூறு சிறந்த ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. ஒன்றாம் இடம் யாருக்கு? 1970-இலேயே வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்டு'க்கு. பையனுக்கு இதில் சம்மதமில்லை. அவன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யைத்தான் முதலில் வைக்கிறான், 1978-இன் 'நெவர் சே டை'யைக் கடைசியில் தள்ளுகிறான். தள்ளுவதற்கு அரைமணி நேரம் காரணம் சொல்கிறான்.

இந்த வரிசை மாறியது, பார்த்தீர்களா. நாற்பத்தேழு வருஷம் ஆனாலும் மாறியது. திரும்பக் கேட்டார்கள், தங்கள் காது தப்பு என்று ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. சாதியின் ஏணியில் இது நடக்காது. திரும்பக் கேட்பதற்கு அங்கே ஏற்பாடே இல்லை.

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தில் மாட்டுத் தோல், பறையிலும் மாட்டுத் தோல். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள், டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்தியம் மேடையில் இருக்கலாம், அதற்குத் தோல் பதப்படுத்தி வார் இழுத்துக் கட்டியவன் கதை மட்டும் மேடை ஏறக்கூடாது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையும் ஒன்று. ஐந்து நிலத்துக்கும் தனித்தனிப் பறை சொல்வார்கள் உரைகாரர்கள். குறிஞ்சிப் பறை உசத்தி, நெய்தல் பறை மட்டம் என்று அங்கே இல்லை. பட்டியல் போட்டால் ஏணியாகத்தான் முடியவேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு எம்.ஏ. படித்ததில் எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி இது.

இன்னொரு பக்கம், தரமே பார்க்கக்கூடாது என்கிற தோழர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் தெருவில் பறையடிக்கிறவர்களைப் போல் ஈவிரக்கமில்லாத விமர்சகர்களை நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில் வெளியூர் செட்டு வந்து அடித்தால், பெரிசுகள் வைக்கோல் தீயில் பறை காயும்போதே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "காய்ச்சல் பத்தல." "அடிகுச்சி பேசுது, சுண்டுகுச்சி தூங்குது." "போன வருசம் வந்தான் பாரு, அவன் கால்தூசிக்கு ஆவான் இவன்." அடித்தவன் யார் மகன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எல்லாம் ஒரே சனம்தான். கையைத்தான் கேட்கிறார்கள். சமமானவர்களுக்குள்தான் இப்படிப் பட்டவர்த்தனமாகத் தரம் பிரிக்க முடிகிறது. தலித் கவிதை என்றதும் 'வலி இருக்கிறது, வணங்குகிறேன்' என்று இரண்டு வரியில் நழுவுகிற விமர்சகர் நம்மைச் சமமாக நினைக்கவில்லை. மோசமான கவிதையை மோசம் என்று சொல்லக்கூட அவருக்கு நாம் லாயக்கில்லை. சலுகையாகத் தரப்படுகிற பாராட்டும் தூரத்தில் நின்று ஊற்றுகிற தண்ணீர்தான்.

பறையையே இனித் தொடமாட்டோம் என்று வைத்துவிட்டவர்களும் நம்மில் உண்டு. இழிவாகத் திணிக்கப்பட்ட வேலையை மறுத்தார்கள், அடி வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் இன்றைக்குப் பறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் நின்றன. குழுவின் பேர் அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற திராவிடர் என்பதிலிருந்து வந்தது. அவர்கள் பாட்டையும் தரம் பிரிக்கத்தான் வேண்டும். எல்லாமே ஒரே உயரம் இல்லை. சில பாட்டில் முழக்கம் இருக்கிற அளவுக்கு மெட்டு இல்லை. அவர்கள் நம்மவர்கள் என்பதால் இதை நான் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

மறித்துக் கேள்வி கேட்ட தோழர் அன்றைக்குக் கடைசியில் தானும் ஒரு வரிசை எழுதினார். 'திருவாசக'த்தைக் கடைசியில் போட்டார். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்று கதை சொல்கிற மதத்தின் பாட்டுக்கு ஹங்கேரியிலிருந்து ஆள் பிடித்தாலும் என் காது திறக்காது என்றார். பாட்டை அது பாடப்படும் கோயிலிலிருந்து பிரிக்க முடியாது என்பது அவர் கட்சி. மாணிக்கவாசகரின் அழுகையைக் கோயில்காரனுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு வரிசையும் ஒரே நோட்டில், எதிரெதிர் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் அவர் அதை முழுசாக இன்னொரு தடவை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் 'ரமண மாலை'யைக் கேட்க வேண்டுமாம்.