பிற சமயத்து நூலும் நம் பக்தியும்

தன் சமயத்தில் உறுதியுடைய ஒருவன், பிற சமயத்தார் இயற்றிய காவியத்தில் நெஞ்சைப் பறிகொடுத்து ஆயுள் முழுவதும் அதனை ஓதிவருவானாயின், அவனுடைய பக்தி குறைபட்டதாகுமா என்னும் வினா நம் நாட்டில் புதியதன்று. சோழ மன்னன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் திளைத்திருந்தது கண்டு வருந்திய சேக்கிழார், அவன் மனத்தைத் திருப்பும் பொருட்டே அடியார் சரிதங்களை எடுத்துரைத்தார் என்பது சேக்கிழார் புராணம் கூறும் வரலாறு. அது செவிவழிச் செய்தியே ஆயினும், அவர் அந்த நூலைத் தடுக்க முற்படாமல் நூலுக்கு மறுமொழியாக மற்றொரு பெருநூலையே படைத்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சிந்தாமணி முதலியவற்றில் வாணாளைக் கழிப்போரை அவர் கடிந்தே பேசினார்.

அந்தத் தேசிகர் விளங்கிய திருவாவடுதுறை ஆதீனத்திலேயே, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் உ.வே. சாமிநாதையர். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது, புராணங்களிலும் பிரபந்தங்களிலும் தேர்ந்த அவருக்கே ஜைன பரிபாஷைகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் தெருவை நாடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டு வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் கண்டு விசாரித்தபோது, அவ்வீட்டார் சிந்தாமணியைப் படித்து முடித்ததற்காகவே அந்த விசேஷம் என்று அறிந்தார். தமக்கு அரிய ஏடாக இருந்தது அவர்களுக்குப் பாராயண நூல்! அவர்களிடமே ஐயந்தெளிந்து 1887-இல் அதனை அச்சிட்டார். அவருடைய சிவபக்தியோ அணுவளவும் குன்றவில்லை. பிறருடைய சொல்லை அவர்கள் கருதிய பொருளிலேயே அறிய வேண்டுமென்று தன் முன்முடிவுகளை ஒதுக்கிவைத்துக் காத்திருப்பதும் ஒருவகை விரதந்தான் என்று தோன்றுகிறது.

பல சமயங்கள் இவ்வாறு அருகருகே நிற்பதை எங்கள் பக்கத்திலும் காணலாம். காஞ்சியை அடுத்த எங்கள் ஏனாத்தூரில், சங்கராசாரிய மரபினரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிகளைப் பேணுகிறது. அதே காஞ்சியின் மற்றொரு புறமாகிய திருப்பருத்திக்குன்றத்தில், சமணர் கோயில் மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதம் ஓவியமாக நிற்கிறது. பௌத்த காவியமாகிய மணிமேகலையின் கதை முடிவதும் இந்நகரிலேதான். அக்காவியத்தைப் பதிப்பிக்க முயன்றபோது ஐயருக்கு உதவப் பௌத்தர் தெரு ஒன்றும் இல்லை. வைஷ்ணவராகிய ரங்காசாரியார் பௌத்த தத்துவங்களை எடுத்து விளக்க, சைவராகிய ஐயர் கேட்டு எழுதிக்கொண்டார்; 1898-இல் நூல் வெளிவந்தது.