ஆறு நாள் கணக்கு

தொல்காப்பியம் கற்பியலில் ஒரு விதி உண்டு. கணவன் பரத்தை வீட்டுக்கே போயிருந்தாலும் சரி, மனைவியின் பூப்பைத் தொடர்ந்து வரும் பன்னிரண்டு நாளும் அவளைப் பிரிந்திருக்கக் கூடாது. உரைகாரர்கள் காரணமும் சொல்கிறார்கள்: கரு உண்டாகும் காலம் அது. அவளுக்கு அந்த நாட்களில் அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலைன்னா? அந்தச் சூத்திரம் அதைக் கேட்பதில்லை.

பன்னிரண்டு இப்போது ஆறாகியிருக்கிறது. 1995இல் வில்காக்ஸ் குழு 221 அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் மட்டுமே கணக்கில் வந்தன. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். உடம்பு சில அடையாளங்கள் காட்டும். வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளும். காலையில் எழுந்ததும் பார்க்கிற உடல் வெப்பம் அரை டிகிரிக்கும் குறைவாக ஏறும். ஆனால் அது முட்டை வந்த பிறகு ஏறுவது, பஸ் போனபின் வரும் அறிவிப்பு. எல்.எச். ஸ்ட்ரிப் பரவாயில்லை, ஒன்றிரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடும்.

செயலிகளைப் பற்றி, கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் செயலி செய்வது பெரும்பாலும் கழித்தல்தான்: அடுத்த மாதவிடாய்த் தேதியில் பதினாலைக் கழி. அதே குழு 2000இல் சொன்னது: வழக்கமாகச் சொல்லப்படும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் அந்த ஆறு நாளும் முழுசாக அடங்குவது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான்.

மேனாம்பேட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஸ்ட்ரிப் வாங்கிவிடலாம். தன் உடம்பைப் பற்றி யாரையும் கேட்காமல் ஒரு பெண் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. ஆனால் தேதி தெரிந்துவிட்டால், "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது. எஸ்டேட்டில் ஷிப்டில் இருக்கிறவனுக்கு மெசேஜ் போகிறது: "இன்னைக்குதான், சீக்கிரம் வந்துடுங்க." தேதி பார்த்து வருவது ஆசையாகுமா என்று கேட்கிறார்கள். ஆகும் என்றுதான் நினைக்கிறேன். மணி பார்த்து சமைத்தாலும் சோறு சோறுதானே.

என் சிக்கல் வேறு. அடையாளங்கள் எல்லாம் அவள் உடம்பில் இருப்பதால் கணக்கு நோட்டும் அவள் பொறுப்பாகிவிடுகிறது. தெர்மாமீட்டர், ஸ்ட்ரிப், தேதி எல்லாம் அவள்தான். "விசேஷம் ஏதாச்சும் உண்டாம்மா?" என்ற கேள்வியும் அவளிடம்தான் வரும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. தொல்காப்பியம் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை, சரி. ஆனால் கடமையை அவன் தலையில் வைத்தது. நம் செயலிகள் அதைக்கூட அவளிடமே கொடுத்துவிட்டன.

விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு காலைப்பொழுது. அவள் மூன்று ஸ்கேன் முடித்த பிறகுதான் பல வீடுகளில் அந்த டப்பா அவன் கைக்கு வருகிறது.