ஊரைச் சுற்றி வந்து பாருங்கள்



நாம் தியானிக்கும் 48ஆம் திருப்பாடல் நமக்கு ஒரு வேலை கொடுக்கிறது. சீயோன் நகரைச் சுற்றி நடந்து, அதன் கோபுரங்களை எண்ணி, மதில்களை நின்று பார்த்து, பார்த்ததைப் பின்வரும் தலைமுறைக்குச் சொல்ல வேண்டுமாம். கடவுளைப் புகழும் பாடல் கல்லையும் சுவரையும் ஏன் எண்ணச் சொல்கிறது? கடவுள் நாம் குடியிருக்கும் ஊரிலேயே நம்மோடு இருக்கிறார் என்று நம்புகிறவரால் அந்த ஊரைப் பாராமுகமாகக் கடந்து போக முடியாது.

அப்படித் தம் ஊரைப் பார்த்த ஒருவர் நமக்கு அருகிலேயே பிறந்தார். ஓவியர் மனோகர் தேவதாஸ், 1936இல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்துச் சென்னையில் வேலை பார்த்தவர். ஊரை விட்டு வந்தாலும் அவர் பேனா மதுரையை விடவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள், யானைமலை என்று கருப்பு மையில் வரைந்துகொண்டே இருந்தார். தாம் வளர்ந்த மதுரையை வைத்து 1997இல் ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்ற நாவலையும், 2007இல் ‘மல்ட்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ என்ற நூலையும் தம் ஓவியங்களோடு வெளியிட்டார்.

கோட்டோவியத்தில் வண்ணத்துக்கு இடமில்லை. நிழல் விழும் இடத்தில் கோடுகளை நெருக்கிப் போட்டு, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை இழுக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். மை பட்ட கோட்டை அழித்து எழுத முடியாது. ஒரு கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை இப்படி ஒவ்வொன்றாகத் தாளில் கொண்டுவருவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக வரைந்தவரின் கண்கள் நோயுற்றிருந்தன. விழித்திரையை மெல்ல மெல்ல அழிக்கும் ‘ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா’ அவருக்கு வந்தது. அந்த நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். கடைசியில் நடுவே ஒரு சிறு வட்டம்தான் மிஞ்சும். முழுக் கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத நிலையிலும், அந்த வட்டத்துக்குள் வந்ததைக் கண்ணாலும் மற்றதை நினைவாலும் பிடித்து வரைந்தார்.

துன்பம் அதோடு நிற்கவில்லை. 1972இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2008இல் மஹிமா மறையும் வரை 36 ஆண்டுகள் மனோகர் உடனிருந்து பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் புலம்பலைவிட வேலைதான் அதிகம் நடந்தது. கோட்டோவியங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சேறின. விற்ற பணம் பிறர் கண்ணொளி பெறுவது உள்ளிட்ட அறப்பணிகளுக்குப் போனது. தம் பார்வையை இழந்துகொண்டிருந்த மனிதர் மற்றவர்களின் பார்வைக்காக உழைத்தார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022 டிசம்பரில் காலமானார்.

அச்சின் அருமையைச் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் கண்டது ஆயிரம் வீடுகளுக்குப் போகிறது. காலத்தையும் தாண்டுகிறது. 1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட படங்களில் நாயக்கர் மகாலின் இடிபாடுகளைக் காட்டினார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில்தான் அந்த மகால் பழுதுபார்க்கப்பட்டது. இடிந்து கிடந்த கோலத்தை இன்றும் நமக்குச் சொல்பவை அந்தப் படங்கள்.

எருசலேம் ஆலயத்தின் பெருங்கற்களைக் கண்டு சீடர் ஒருவர் வியந்தபோது, அவையெல்லாம் இடிந்து விழும் என்று ஆண்டவர் சொன்னதை மாற்கு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்காக அவர் அந்த நகரை அலட்சியம் செய்தாரா? லூக்கா 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நகரை நெருங்கியதும் அவர் அழுகிறார். அது நிலைக்காது என்று அறிந்தே அதை நேசித்தார். கல்லைப் பார்த்த கண்களில் அங்கே வாழ்ந்த மக்கள் தெரிந்தார்கள். பார்ப்பது அன்பில் போய் முடிய வேண்டும் என்பதுதான் ஆண்டவர் நமக்குக் காட்டும் வழி.

நம் ஊரை நாம் அப்படிப் பார்க்கிறோமா? எத்தனையோ ஆணைகளில் அச்சாகும் தமிழக அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பலர் சொல்கிறார்கள். நம் அயலாரின் பக்தியும் நம் மண்ணின் தொழில்திறனும் சேர்ந்து எழுப்பிய அந்தப் 11 நிலைகளை மரியாதையோடு பார்க்கத் தெரிய வேண்டும். இராஜபாளையத்தில் முன்னாள் முதல்வர் பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் இருக்கின்றன. சாவடிகள் இருக்கின்றன. நம் அப்பாக்களும் அம்மாக்களும் ஷிப்டு பார்த்த பஞ்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு செங்கல்லையும் யாரோ ஒருவர் தலையில் சுமந்தார். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் கடவுளுக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரியும்.

ஆகவே இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு, பேரப்பிள்ளைகளோடு ஒரு தெருவில் மெதுவாக நடங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒரு தூணையோ வாசலையோ பிள்ளைகளை உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். இதைக் கட்டியது யார், இங்கே வாழ்ந்தது யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்குள் தனியாக ஒரு பாட்டி இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குக் கண்புரை இருந்தால் கண் மருத்துவ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலை மட்டும் ரசித்துவிட்டு உள்ளே இருப்பவரை மறந்தால், ஆண்டவர் ஏன் அழுதார் என்பது நமக்குப் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

நம் கண்களை ஆண்டவர் திறக்கும்படி மன்றாடுவோம். நம் ஊரையும் அதன் மக்களையும் அவர் பார்ப்பதுபோல் நாமும் பார்க்கவும், பார்த்தவர்களுக்குப் பணி செய்யவும் வேண்டிய வரத்தை அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.