பூண்டும் திராட்சை இரசமும்



எசேக்கியா அரசர் சாகக் கிடக்கிறார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது மன்றாடுகிறார். ஆண்டவரும் மனமிரங்கி 15 ஆண்டு ஆயுளைக் கூட்டிக் கொடுக்கிறார். அதோடு கதை முடியவில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து அரசரின் கட்டியின்மேல் வைக்கச் சொல்கிறார் இறைவாக்கினர் எசாயா. செபம் இருக்க மருந்து எதற்கு என்று கேட்பவர்கள், அரசர்கள் இரண்டாம் நூல் 20ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

மண்ணில் முளைப்பவற்றுக்குள் ஆண்டவர் வைத்தது இன்னும் தீர்ந்துபோகவில்லை. இங்கிலாந்தில் 10ஆம் நூற்றாண்டு மருத்துவச் சுவடி ஒன்று இருக்கிறது. கண்கட்டிக்கு அதில் ஒரு மருந்து. பூண்டையும் வெங்காய இனத்தில் இன்னொன்றையும் சம அளவு எடுத்து நன்றாக இடித்து, திராட்சை இரசமும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து, உலோகப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைக்க வேண்டும். பிறகு துணியில் பிழிந்து, இரவில் இறகால் தொட்டுக் கண்ணில் இட வேண்டும். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் ஏட்டில் உள்ளபடியே செய்து பார்த்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி ஆய்வகத்தில் அதற்கு மடிந்தது. இந்தக் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து வழவழப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கும். அந்தப் படலத்துக்குப் பூண்டு மட்டும் போதவில்லை. நான்கும் சேர்ந்தால்தான் வேலை நடந்தது.

உடனே அம்மிக்கு ஓடாதீர்கள்! பச்சைப் பூண்டை அரைத்து வைத்தால் தோல் வெந்துபோகும். கண்ணில் இடவே கூடாது. ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்வது ஒன்று, மனித உடம்பில் தீங்கின்றிக் குணமாக்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

அதுவரை கையில் இருக்கும் மருந்தை நாம் என்ன செய்கிறோம்? பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காக ஒருவர் தாமாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவாகிறது. இப்போது பென்சிலின் பலிக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குக் கணவனே பொறுப்பு என்றார் ஃபிளெமிங். மருத்துவர் சொன்னதுதான், ஆனால் எனக்கு அது பாவசங்கீர்த்தனத்துக்கான ஆத்தும சோதனைபோலவே கேட்கிறது. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். பிறரன்புக் கட்டளை மாத்திரை டப்பாவுக்கும் பொருந்தும்.

ஆகவே பிரியமானவர்களே, வீட்டுக்குப் போனதும் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தரும்படி மருத்துவரை நச்சரிக்காதீர்கள். காய்ச்சல் விட்டதென்று நீங்களாகவே பாதியில் நிறுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.