மாசி 19 இரவில் ஒரு கணக்கு



கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக அவதரித்தார். அந்த நாளை வைத்தே அவதார ஆண்டுகளை எண்ணி வருகிறோம். அந்தக் கணக்கில் மாசி 19 ஆண்டின் கடைசி நாள். மறுநாள் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் போகும் அவசரத்தில், கழிந்த ஓராண்டைத் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அய்யாவுக்கு நன்றி செலுத்த வேண்டும். எதைக் கொண்டு செலுத்துவது? அவர் காணிக்கை கேட்கவில்லை, பலியும் கேட்கவில்லை. அப்படியானால் பட்ட கடனை எங்கே தீர்ப்பது?

போன வருடம் அன்று இரவு, தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றேன். மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பணிவிடை செய்தேன். எல்லாவற்றையும் எண்ணி நன்றி சொன்னேன். மனம் நிறைந்தது. வெளியே வந்தபோது ஒரு பையன், "அண்ணாச்சி, கால் கழுவத் தொட்டியில தண்ணி இல்ல" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. அந்தத் தொட்டியைப் பல வருடமாகக் கிணற்றிலிருந்து கோரி நிறைத்தவர் எங்கள் தெருப் பாட்டி ஒருவர். தை மாதம் முதல் அவரைக் காணவில்லை. தண்ணீர் குறைந்ததைக் கவனித்தேன், ஆளைத் தேடவில்லை. என் நன்றிக் கணக்கில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

விடியுமுன் அவர் வீட்டுக்குப் போனேன். முட்டுவலியால் திண்ணையில் கிடந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "தொட்டியில தண்ணி கிடக்காப்பா?"

பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதில் தெரியும் நமக்குள் அய்யா இருக்கிறார் என்று நம்புகிறோம். தண்ணீர் கோரிய பாட்டியும் அதே கண்ணாடி முன்தான் நின்று கும்பிட்டார். அவருக்குள் இருக்கும் அய்யாவை மறந்துவிட்டு, பள்ளியறையில் மட்டும் நன்றி சொன்னால் அது பாதி நன்றிதான். இந்த வருடம் விளைச்சல் போனவர்களுக்கும், வீட்டில் துக்கம் கண்டவர்களுக்கும் இது பொருந்தும். நட்டத்துக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் கஞ்சியோடு வந்து நின்றவர் யார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

மாசி 19 இரவு விளக்கேற்றியதும் அந்தப் பெயர்களை எண்ணுங்கள். ஒருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள். அவர் முடியாமல் கிடந்தால் அவர் வேலையை நாம் எடுத்துச் செய்வோம். எங்கள் தாங்கல் தொட்டியை இப்போது நான் நிறைக்கிறேன்.

அய்யா உண்டு.