பறவையின் மேல் விழும் வெயில்

மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் ஒரு கொக்கு சில விநாடிகளில் மூன்று பின்னணிகளைக் கடப்பதைப் பார்க்கலாம். கடப்ப மரங்களின் கரும்பச்சையிலிருந்து கிளம்பி, மினுங்கும் நீருக்கு மேல் பறந்து, வானத்துக்கு ஏறிவிடும். இத்தனை நேரமும் அதன் சிறகில் படும் வெயில் ஒன்றுதான். ஆனால் கேமராவைத் தானியங்கியில் விட்டிருந்தால் படத்துக்குப் படம் கொக்கின் நிறம் மாறும். மரங்களுக்கு முன்னே சுண்ணாம்பாய் வெளுத்துப் போகும். வானத்துக்கு எதிரே கருத்துவிடும்.

கேமராவின் மீட்டர் காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து, அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. சட்டத்தை நிறைப்பது இருண்ட மரம் என்றால் வெளிச்சத்தைக் கூட்டும். பளிச்சென்ற வானம் என்றால் குறைக்கும். நடுவில் பறப்பது வெள்ளைப் பறவையா கருப்புப் பறவையா என்பது அதன் கணக்கில் பெரிதாக வருவதில்லை. மேனுவல் எக்ஸ்போஷரைக் கற்பவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தப் பார்வையைத்தான். பின்னணியை விட்டுவிட்டு, பறவையின் மேல் விழும் ஒளியைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16. ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 விநாடி. சிறகடிப்பை உறையவைக்க அது போதாது. அப்பர்ச்சரை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) திறந்து எஃப் 5.6-க்குக் கொண்டுவந்தால், அதே வெளிச்சத்துக்கு 1/3200 விநாடி கிடைக்கும். கொக்கு, அரிவாள்மூக்கன் போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு இதிலும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைப்பது நல்லது. இருண்டுபோன இறகைப் பின்னால் ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன இறகில் மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இந்த எண்களை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. சூரியனை ஒரு மேகம் மறைத்தால் கணக்கு மாறும். பறவை திரும்பி வெயிலுக்கு முதுகு காட்டினாலும் மாறும். ஆகவே எப்போதும் வானத்தின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டுயிர்களைப் பல்லாண்டுகள் படமெடுத்தார். அவர் காலத்தில், எடுத்த படத்தை உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளத் திரை கிடையாது. படமெடுக்கும் முன்பே ஒளியைப் படித்தாக வேண்டியிருந்தது. இன்றைய கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. அந்த உதவியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒளியைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தால்தான், கருவி தவறாகக் கணிக்கும்போது அதைக் கண்டுகொள்ள முடியும்.

இப்பழக்கம் படத்தோடு நிற்பதில்லை. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைக் கூட்டத்தைக் கலைப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் கிடக்கும். ஒளியை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவருக்கு இந்த அவசரம் தேவைப்படாது. கூடு கட்டும் நாரை குச்சி பொறுக்க எழும். இரை தேடிப் போன கூழைக்கடா குஞ்சுக்காகத் திரும்பி வரும். அவை தம் வேலைக்காகவே பறக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரே தடத்தில்.

வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளை மிரட்டக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வந்திருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த அமைதியில்தான் நாம் லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். புதிதாகக் கேமரா வாங்கி வருபவருக்கு ஷட்டர் எண்களோடு சேர்த்து இதையும் சொல்லித்தர வேண்டும். காத்திருப்பதும் எக்ஸ்போஷர் பாடத்தின் ஒரு பகுதிதான்.