அல்லியும் நமது நகைப்பும்

சென்ற வாரம் காத்தோங்கில் அன்பரொருவர் இல்லத்தில் நாம் அமர்ந்திருக்கையில், அவ்வீட்டு இளைஞர் தாம் வரைந்துவரும் வேடிக்கைச் சித்திரக் கதையொன்றைக் கைப்பேசித் திரையில் நமக்குக் காட்டினார். அதன் நாயகி வாளேந்திய வீராங்கனை, பெரும் வாய்த்துடுக்குக்காரி. பூதத்தையும் அதட்டுகிறாள், அரசனையும் அதட்டுகிறாள். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். "முடிவில் ஒரு வீரன் இவளை மயக்கித் தாலிகட்டி அடக்கிவிடுவதாக வரையப் போகிறேன்" என்று அவர் கூறியதும் நமது சிரிப்பு நின்றது. இம்முடிவு நமக்குப் பழக்கமானதாயிற்றே!

பெரிய எழுத்துப் புத்தகமாகக் கிராமங்களில் உரக்கப் படிக்கப்பெற்றதும், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகமாக்கியதுமான அல்லி கதையை அறியாத தமிழர் யார்? அல்லி மதுரையை ஆண்டவள், ஆடவரைப் பொருட்படுத்தாதவள். அவளை அர்ச்சுனன் போரிலா வென்றான்? கண்ணன் பாம்பாட்டியாய் வர, அர்ச்சுனன் பாம்பாய்ப் படுக்கையறை புகுந்து, அவள் உறங்குகையில் தாலி கட்டினான். விழித்தவள் சீறுகிறாள், கொட்டகை நகைக்கிறது. நாமும் இளமையில் நகைத்தவர்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் உறங்குபவளிடம் காட்டிய அத்தீரத்துக்கு வேறெந்தக் கதையிலாவது வீரமென்று பெயருண்டா?

"ஹாஸ்யத்துக்கு நியாயத் தராசு எதற்கு?" என்று அன்பர் இடைமறித்தார். நகைப்பை விலக்க வேண்டுமென்பது நமது கட்சியன்று. செருக்கு எவரிடமிருப்பினும் நகைக்கத் தக்கதே. விராட நாட்டு உத்தரகுமாரனை நோக்குங்கள். பெண்கள் முன்னிலையில் மார்தட்டிப் புறப்பட்டவன், கௌரவர் சேனையைக் கண்டதும் தேரினின்று குதித்தோடினான். அவனைப் பிடித்திழுத்துவந்து காத்ததோ, பேடி வேடம் பூண்டிருந்த அதே அர்ச்சுனன்! உத்தரகுமாரன் என்றால் இன்றும் ஒரு வீண்ஜம்பக்காரனைக் குறிக்கும். அவன் பொருட்டு ஆண்குலமே ஆயுதமெடுக்கத் தகாததென்று எவரும் தீர்ப்பளித்ததில்லை. அல்லி ராஜ்யம் என்னும் சொல்லோ, பெண் தலையெடுத்த வீட்டையும் சங்கத்தையும் ஒருங்கே ஏளனஞ் செய்யும் வசையாயிற்று. அவன் பெயரால் ஓர் ஆளைச் சிரிக்கிறோம். அவள் பெயரால் ஓர் இனத்தையே சிரிக்கிறோம். தராசு வேண்டாமென்போர் இந்த எடைக்குறைவுக்கு என்ன சமாதானம் சொல்வர்?

காத்தோங்கில் இருந்துகொண்டு இதைப் பேசுகையில் வேறொன்றும் நினைவுக்கு வராமற் போகாது. இங்கு மேயர் ரோட்டில், அக்காலத்தில் கடலைப் பார்த்து நின்ற மாளிகையில், சுபாஷ் சந்திர போஸ் வசித்தார். (அக்கடல் பின்னர் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டுத் தொலைவே போயிற்று.) 1943 ஜூலையில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய பெண்கள் சேலையுடுத்தித் துப்பாக்கியுடன் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அக்டோபர் 22இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். ஜப்பானியர் துணையில் நின்ற அச்சேனையின் அரசியல் தனி வழக்கு. அதனை இங்கே விசாரிக்கவில்லை. கங்காணிக்கும் துரைக்கும் தலைகுனிந்து நிற்கப் பழக்கப்பட்ட ஒருத்தி, பலர் முன்னிலையில் "என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று முன்வர எது துணைசெய்திருக்கும்? வீரம் பின்னர் பயிற்சியால் வரலாம். முதலில் வேண்டுவது, அடங்காப்பிடாரி என்று ஊரார் பழிக்கும் அந்தத் துடுக்குத்தான். அதையே தாலியால் முடிச்சிட்டு அடக்குவதைத்தான் நமது ஹாஸ்யம் இத்தனை காலமும் வெற்றியென்று கொண்டாடி வந்தது.

"அப்படியானால் அவள் தோற்கவே கூடாதா? கதை சப்பென்று போய்விடுமே!" என்றார் இளைஞர். தாராளமாய்த் தோற்கட்டும், தம்பி. பீற்றிக்கொண்ட வாயாலேயே பந்தயத்தை இழக்கட்டும். பூதத்தின் வாலில் இடறிக் குப்புற விழட்டும். எழுந்ததும் வாள் அவள் கையிலேயே இருக்கட்டும். உத்தரகுமாரனிடமிருந்து எவரும் வில்லைப் பறிக்கவில்லையே.

அவர் மறுமொழி கூறவில்லை. நேற்று நமக்கொரு புதிய படம் வந்து சேர்ந்தது. வீராங்கனை இடுப்பளவு சேற்றில் நிற்கிறாள், தலைப்பாகையைக் காணோம், ஒரு கையில் வாள். மறு கையை நீட்டி, தன்னைத் தூக்கிவிட வந்த வீரனை, "முதலில் உன் காலைப் பார்த்து வை" என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள்.